யாருக்கு எவ்வளவு ஆண்மை?



ஆண்மையைப் பற்றிப் பேச ஒரு மகப்பேறு மருத்துவரை அழைத்திருக்கிறீர்கள். பொருத்தமான அழைப்பு என்றே நினைக்கிறேன். ஆண்மை பற்றி நம் சமூகம் வைத்திருக்கும் எண்ணங்கள் கடைசியில் வந்து இறங்கும் இடங்களில் பிரசவ வார்டும் ஒன்று. அங்கே பார்த்ததைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு பட்டியல்.

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946-ல் வெளிவந்த தம்முடைய சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன் நகை, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் எதுவும் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

கீழ்ப்படியாத இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். சேர்த்துவைத்த தானியத்தை அழித்தார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். கல்யாணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டப் போகிறவன் குதிரையேறி ஊர்வலம் வரக் கூடாது. பல்லக்கு வேண்டுமானால் வீட்டுக் கதவைக் கழற்றித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தீண்டாமையின் ஆவணமாகவே எல்லோரும் படிக்கிறோம். அப்படித்தான் படிக்க வேண்டும். கூடவே, தடை செய்யப்பட்ட பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சட்டை, கிராப்பு, குடை, செருப்பு, குதிரை. தெருவில் ஒருத்தன் ஆம்பளையாக நடந்து வருகிறான் என்று அன்றைய ஊர் எதையெல்லாம் வைத்துச் சொல்லுமோ, அவையெல்லாம் அதில் இருக்கின்றன. அவனுடைய உடல் வலுவை யாரும் தடை செய்யவில்லை. மடை வெட்டவும் மூட்டை சுமக்கவும் அந்த வலு மிராசுதாரருக்கு வேண்டியிருந்தது. அந்த வலுவுள்ள உடம்பு சட்டை போட்டு, செருப்புப் போட்டு, குடை பிடித்து எதிரே வருவதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஆண்மை, ஆணாகப் பிறந்தவனுக்குத் தானாகக் கிடைத்துவிடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் இந்தப் பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காது. ஊர் அதை அளந்து கொடுத்தது. ஒருவனுக்குக் கூட்டிக் கொடுக்க இன்னொருவனிடமிருந்து பிடுங்கியது. பிடுங்கியதை வெளியே தெரியும்படி, உடம்பின் மேலேயே எழுதி வைத்தது.

பெண்களுக்கான தடைகளும் ஆண்களைக் குறிவைத்தவைதான். ரவிக்கை போடாதே, பூ வைக்காதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும்போதே, உன் பெண்டாட்டியை, உன் மகளைக் கௌரவமாக வெளியே அனுப்பும் தகுதி உனக்குக் கிடையாது என்று அவள் வீட்டு ஆணுக்கும் சேதி போகிறது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859-ல் அரசாணை வந்து, எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இங்கே இந்த நிலை. அந்த அரசாணையும், மேல்சாதிப் பெண்கள் அணியும் விதமாக நாடார் பெண்கள் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இந்தச் சண்டைகளில் பெண்ணின் உடம்பு, எந்த ஆண் எந்தப் படியில் நிற்கிறான் என்று குறித்துவைக்கும் பதிவேடாகவே இருந்திருக்கிறது. அவமானப்படுத்தியவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். எதிர்த்து நின்ற ஆண்களில் பலரும், நம்ம பொம்பளைங்களை இப்படிப் பண்ணிட்டாங்களே என்றுதான் கொதித்தார்கள். அவளுக்கு நேர்ந்தது அவளுக்கு நேர்ந்ததாகவே கணக்கில் வருவதற்கு இன்னும் காலம் பிடித்தது.

பதினொன்றில் ஒரு தடை கூலியைப் பற்றியது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தாண்டிப் போக முடிவதில்லை. சட்டை கூடாது, செருப்புக் கூடாது, குடை கூடாது என்று ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் உருவிக்கொண்டவர்கள், ஒன்றை மட்டும் அவனிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். அதே வெயிலில், அதே பதினொரு மணி நேரம் நின்ற அவன் பெண்டாட்டியைவிட அவன் இரண்டு மடங்கு. இது தாராளத்தால் விட்டுவைத்ததில்லை. மேலே இருக்கிறவனிடம் குனிந்து நிற்கும் ஆணுக்குக் கீழே குனிய ஒருத்தி இருந்தால், அவன் அந்த ஏணியை உதைத்துத் தள்ள மாட்டான். சாதியும் ஆண்மையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பது இப்படித்தான் என்பது என் துணிபு. சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்தது. நாற்று நடவுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டுக்கு ஒரு கூலி என்ற வழக்கம் அதன் பிறகும் ஒழியவில்லை என்பது இந்த அவையில் ஊர்ப்பக்கம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். 2017-ல் குஜராத்தில் காந்திநகர் அருகே லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். மாநிலம் எங்கும் தலித் இளைஞர்கள் தங்கள் வாட்ஸ்அப் படத்தில் மீசையை வைத்துப் பதில் சொன்னார்கள். 2018 மே மாதம் நம்முடைய சிவகங்கை மாவட்டத்தில் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயில் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததும் அந்தப் பகைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2022-ல் அந்த வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. செருப்பும் குடையும் போய், மீசையும் கால் மேல் காலும் வந்திருக்கின்றன. அளந்து கொடுக்கிற வேலை நிற்கவில்லை.

இதற்கு எதிர்வினையாக நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாண ஃபிளெக்ஸ் பேனர்களைப் பாருங்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் அதில் ஒரு சிங்கம், ஒரு வாள், முறுக்கிய மீசை. எல்லோரும் ஆண்ட பரம்பரை. நூற்றாண்டுக் கணக்கில் சட்டை போட விடாமல் வைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் இளைஞன் நிமிர்ந்து நிற்க விரும்புவதை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன். ஆனால், அவனை அளந்த அதே அளவுகோலைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டால், அடுத்து அது அளக்கப்போவது அவன் தங்கையை. அவள் யாரோடு பேசுகிறாள், எந்த பஸ்ஸில் வருகிறாள் என்பதில் போய் நிற்கும். ஆணவக் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் காவல்துறைக்கும் அரசுகளுக்கும் விரிவான நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்த பிறகும் அந்தக் கொலைகள் நிற்காததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. மகள் தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டால், அப்பனுக்கும் அண்ணனுக்கும் ஊர் அளந்து கொடுத்திருந்த ஆண்மையில் குறைவு விழுகிறது. அதை ஈடுகட்ட அரிவாளைத் தூக்குகிறார்கள்.

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் கடைசிக் கட்டுரைக்கு 'பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும்' என்று தலைப்பு. ஆண்கள் திருந்த வேண்டும், நல்லவர்களாக நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தக் கருத்தே உலகில் இருக்கும்வரை பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்றும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் ஒரே மேடையில் தீர்மானம் போட்டது. இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்று அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார்கள்.

இனி, நான் பணி செய்த இடத்துக்கு வருகிறேன்.

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு பெண் படுத்திருந்தாள். கடுமையான ரத்தசோகை. வெளிறிப்போன நாக்கு, வீங்கிய கால். இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் அவளும் புருஷனும் உறுதியாக இருந்தார்கள். இந்த நிலையில் அவள் வயிற்றைத் திறப்பதைவிடப் புருஷன் கருத்தடை செய்துகொள்வதுதான் நல்லது என்று நான் சொன்னேன். மாமியார் பதறிவிட்டார். "என்ன டாக்டரம்மா இப்படிச் சொல்றீக? அவன் மூட்டை தூக்குறவன். அவன் ஒடம்புல கத்திய வச்சா நாளைக்குக் குடும்பம் எப்படி ஓடும்? இவளுக்கே பண்ணி விட்ருங்க." அந்தப் பெண் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். ஏழாவது மாதம் வரைக்கும் சுமந்திருந்தாள். அது மாமியாருக்குத் தெரியாததில்லை. அவரும் அந்தச் சூளையில்தான் ஒருகாலத்தில் வேலை பார்த்தவர். ஆனால் மகன் தூக்குவது உழைப்பாகவும் மருமகள் தூக்குவது எடுபிடி வேலையாகவும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நாலணா, ரெண்டணா. புருஷன் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெட்டவனில்லை. அவளுக்கு இரண்டு வேளையும் பால் வாங்கிவந்து கொடுத்தவன். செய்துகொள்கிறேன் என்று அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் ஊரில் அவன் பெயர் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

உடற்கூற்றில் இந்தப் பயத்துக்கு ஆதாரமே கிடையாது. ஆண் கருத்தடையான வாசக்டமியில் விந்தணு வரும் இரண்டு மெல்லிய குழாய்களை மட்டும் அடைக்கிறோம். விதைகளுக்குள் கை வைப்பதில்லை. ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. வாய்க்காலை அடைத்தால் கிணறு வற்றிவிடாது. பலம் குறையாது, ஆசை குறையாது, மீசை உதிராது. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தழும்பில்லா முறையில் தையல்கூடக் கிடையாது. மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். பெண்ணுக்குச் செய்வதென்றால் வயிற்றுக்குள் போக வேண்டும். மயக்கமருந்தின் ஆபத்து, குடல் ஆபத்து, தொற்று எல்லாம் சேர்ந்தே வரும்.

எது எளிது என்பதில் மருத்துவத்தில் இரண்டு கருத்து கிடையாது. ஊர் வழக்கம் என்ன என்றால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம். இந்தியா முழுமைக்கும் 37.9, 0.3. குழந்தை இல்லாத தம்பதிகள் விஷயத்திலும் இதே கதைதான். விந்துப் பரிசோதனை இருப்பதிலேயே மலிவானது, வலியில்லாதது. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். ஸ்கேன், குழாய்ச் சோதனை, லேப்ராஸ்கோபி என்று அவள் உடம்பை எல்லாவிதத்திலும் துருவி முடித்த பிறகுதான் பல வீடுகளில் அவன் முறை வருகிறது.

ஆண்கள் என்றால் அப்படித்தான், அவர்கள் இதற்கு எப்போதும் ஒப்ப மாட்டார்கள் என்று என் சக மருத்துவர்களே சொல்வார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆண் கருத்தடையில் இந்தியாவுக்கு வழிகாட்டியதே சென்னை மாநிலம்தான். 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பிறகு இங்கே தலைமைச் செயலாளரான ஆர்.ஏ. கோபாலசாமி அதை முன்னெடுத்தவர். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் இங்கே நடந்த கருத்தடைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்தவை. பக்கத்தில் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் ஒரே மாதத்து முகாமில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் வந்து செய்துகொண்டார்கள். அவர்களுக்கும் ஆண்மை இருந்தது.

ஆனால் யார் வந்தார்கள் என்று கேட்க வேண்டும். வந்தவர்களில் கூலிக்காரர்களே மிகுதி. கையில் கொடுக்கும் காசுக்காகவும், கூடக் கிடைக்கும் பொருள்களுக்காகவும் வந்தவர்கள். ஆள் பிடித்து வருகிறவர்களுக்குத் தனியாகக் காசு. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் போட்டு, நாமிருவர் நமக்கிருவர் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்தாலும், முகாமின் வரிசையில் நின்றவன் ஏழை. வாசக்டமி, வழியில்லாதவன் செய்துகொள்வது என்ற பெயர் அப்போதே அதன்மேல் படிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976-77-ல் ஓராண்டில் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடைகள். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. ஆசிரியர்களுக்கும் கீழ்நிலை ஊழியர்களுக்கும் ஆள் கணக்கு நிர்ணயித்து, சேராவிட்டால் சம்பளத்தை நிறுத்தினார்கள். ஹரியானாவில் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் விடியற்காலையில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது. கருத்தடையையொட்டி நேர்ந்த 1,774 மரணங்களை, நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. இது கொடுமை, மன்னிக்க முடியாத கொடுமை. ராமநாதபுரத்துப் பட்டியலில் ஊர் செய்ததை இங்கே அரசாங்கம் செய்தது. ஏழையின், தலித்தின், முஸ்லிமின் உடம்பைத்தான் அது தேடிப் போனது. பங்களாக்களின் கதவை எந்தப் போலீசும் தட்டவில்லை.

1977 தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றில்கூட காங்கிரஸ் வெல்லவில்லை. அரசியல்வாதிகள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். மக்கள் உடம்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாடமாக அது இருந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஆண்கள் உடம்பைத் தொடக் கூடாது என்பதையே கற்றார்கள். குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம் என்று பெயர் மாறியது. இலக்கும் முகாமும் அப்படியே இருக்க, மேஜையில் படுக்கிற ஆள் மட்டும் மாறினார். சில ஆண்டுகளிலேயே விகிதம் தலைகீழாயிற்று. மேலே உள்ளவர்கள் கீழே உள்ள ஆணை அவமானப்படுத்தினார்கள். அந்தக் கணக்கை அவன் வீட்டுப் பெண் வயிற்றில் வைத்துத் தீர்த்தார்கள்.

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே, புழக்கத்தில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஒரே அறுவை மருத்துவர் கருத்தடை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள், எல்லோரும் எளிய குடும்பத்துப் பெண்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் அடியோடு நிறுத்த வேண்டும் என்று தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு வந்தது, ஆனால் பிலாஸ்பூருக்காக எந்த ஆட்சியும் கவிழவில்லை. 1977-ஐயும் 2014-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த உடம்புக்காக நாடு கோபப்படும், எந்த உடம்புக்காக வருத்தம் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடும் என்பது விளங்கும்.

ரகசியமாக வந்து செய்துகொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள். சொந்த ஊர் மருத்துவமனைக்குப் போகாமல் இரண்டு ஊர் தள்ளி வருவார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், மச்சினனுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். ஒருவர் பெண்டாட்டியின் இரண்டு சிசேரியனையும் நினைத்து வந்ததாகச் சொன்னார். "அவ பட்டது போதும் மேடம்." நான் பார்த்த ஆண்களில் அவரை உயர்வாக மதிக்கிறேன். ஊருக்குத் தெரிந்தால் அவரைத்தான் கேலி செய்யும்.

ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் வாசக்டமி இருவார விழா நடத்துகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் பேனர் கட்டுகிறோம். அந்த வாசலுக்கு வருகிறவர்கள் யார்? தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கி வரும் பெண்கள். ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்கிற வேலை கிராம சுகாதார செவிலியர் தலையில். அவரும் பெண். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லி, அவள் இரவில் தயங்கித் தயங்கிப் புருஷனிடம் சொல்லி, அவன் முறைப்பதோடு முடிகிறது. சுகாதாரத் துறையில் ஆண் சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கொசு மருந்துக்கும் குளோரினுக்கும் பொறுப்பேற்கும் அவர்கள், டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் லோடுமேன் சங்கத்திலும் போய் உட்கார்ந்து இதைப் பேசலாம். கர்ப்பகாலப் பரிசோதனையில் ஒரு வருகைக்காவது புருஷனைக் கூப்பிட்டு, அவன் உடம்பைப் பற்றி ஒரு ஆண் ஊழியர் அவனிடம் விளக்கலாம். ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் என்று வசதியும் படிப்பும் உள்ள ஆண்கள் செய்துகொண்டு, அதை வெளியிலும் சொல்ல வேண்டும். ஏழைக்கு மட்டும் உரியது என்று அதன்மேல் படிந்த கறையை அவர்களால்தான் துடைக்க முடியும். இந்த அவையிலும் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் அவர்களில் ஒருவராவது எழுந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.